துவாய் ஒட்டிய கண்ணாடிக் கதவு

2022 நவம்பர் 15, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். விடியப்புறம் தொடங்கிய மழை விடவில்லை. காற்றும் இல்லை, இடியும் இல்லை, நேரே இறங்கிக்கொண்டிருந்தது. இணுவிலில் ஒரு வீட்டின் பின்தாழ்வாரத்தில் மழைச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினேன். நான் திருத்த வந்த சலவை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக் கதவை ஒரு பச்சைத் துவாய் மூடியிருந்தது. நான்கு மூலையிலும் ஒட்டுநாடா.

முப்பத்தெட்டு வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன். இயந்திரத்துக்குள் எறும்புக் கூடு கண்டிருக்கிறேன், பல்லி முட்டை கண்டிருக்கிறேன், ஒரு முறை வீட்டுக்காரி மூன்று மாதமாகத் தேடிய தோடு கண்டெடுத்திருக்கிறேன். துவாய் ஒட்டிய இயந்திரத்தை அன்றைக்குத்தான் கண்டேன்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். மீற்றரை எங்கே பிடிப்பது, எந்த ஆணியை முதலில் கழற்றுவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொள்வீர்கள். அங்கே என்னைவிடத் தெளிவாகச் சொல்கிறார்கள், இருமாமலும் சொல்கிறார்கள். நான் எழுத வந்தது ஒரேயொரு மோட்டர் சென்சரைப் பற்றி. அதைச் சோதிக்க ஒரே வீட்டுக்கு மூன்று முறை போனேன். முதல் இரண்டு முறையும் அது நல்லது என்று என் மீற்றர் சொன்னது. மீற்றர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான், அதுவும் மூன்றாம் முறை. அந்தப் பொய்யில்தான் வேலை முடிந்தது.

அந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபாலதிபர். அவர் இருந்தவரை இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. போன வருடம் காலமாகிவிட்டார். அவருடைய மனைவியிடம் போய்க் கேட்டேன். "எழுதுங்கோ தம்பி. ஊரையும் பேரையும் மட்டும் மாத்திப்போடுங்கோ" என்றார். ஆகவே அவர் இங்கே செல்வராணி அக்கா. ஊர் இணுவில். இரண்டும் அசல் அல்ல. மழை அசல்.

சென்சரைப் பற்றி நான்கு வரி சொல்லிவிடுகிறேன். மோட்டரின் பின்பக்கம் சிறு வளையம்போல அது இருக்கும். உருளை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று, இயந்திரத்தை நடத்தும் மின்சுற்றுப் பலகையான போர்ட்டுக்குச் சொல்வது அதன் வேலை. அந்தச் சொல் வராவிட்டால் போர்ட்டுக்கு ஒன்றும் தெரியாது. உருளை ஒரு விசுக்கு விசுக்கிவிட்டு நிற்கும், முகப்பில் பிழைக்குறி மின்னும், தண்ணீரும் துணியும் உள்ளே இருக்கக் கதவு பூட்டியபடி கிடக்கும். சென்சர் நல்லதா கெட்டதா என்று பார்ப்பது பெரிய வித்தை அல்ல. இரண்டு முனையில் மீற்றரை வைத்தால் ஓர் எண் வரவேண்டும். வராவிட்டால் அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் முறை போனது நவம்பர் ஏழாம் திகதி. அதற்கு முதல்நாள் தொலைபேசியில் செல்வராணி அக்கா, "மிசின் பாதியிலை நிக்குது, கெதியா வாங்கோ தம்பி" என்றார். நான் எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னேன்: "துணியெல்லாத்தையும் எடுத்துப்போட்டு வையுங்கோ அக்கா, காலமை பத்துக்கு வாறன்."

இதை யாரிடம் பழகினேன் என்றால், யாழ்ப்பாணம் கடையில் எனக்கு மேலே இருந்த தலைமைத் திருத்துநரிடம். கோபக்காரர். அவர் சொல்வார்: "வீட்டுக்காரரின்ரை ஊத்தைத் துணியைப் பாத்தவனை அந்த வீட்டிலை திருப்பிக் கூப்பிடாயினம்." சரியான பேச்சு. நம் ஊர் வீடுகள் உங்களுக்குத் தெரியும். திருத்த ஆள் வருகிறான் என்றால் கொடியில் கிடக்கும் உள்பாவாடைகூட மறைந்துவிடும். உருளை காலியாக இருக்கும், ஈரம் ஒற்றித் துடைத்திருக்கும், கதவு ரப்பரின் மடிப்புக்குள்கூடத் துணிவிட்டுத் துடைத்திருப்பார்கள். சில வீடுகளில் இயந்திரத்தின் நெற்றியில் சந்தனப் பொட்டும் இருக்கும். பிள்ளையைப் பெண்பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதுபோல இயந்திரத்தைக் காட்டுவார்கள்.

செல்வராணி அக்கா வீட்டிலும் அப்படித்தான். அத்துடன் பின்தாழ்வாரம் முழுக்கச் சாம்பிராணிப் புகை. காலை பத்து மணிக்குச் சாம்பிராணி போடுகிறார்களே, நல்ல பக்தியான குடும்பம் என்று நினைத்தேன்.

தபாலதிபர் முன்கூடத்துக் கதிரையில் இருந்தார். எழுபத்தொன்பது வயது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு, சட்டைப்பையில் பேனை. என்னைக் கண்டதும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பத்துக்கு எண்டு சொன்னீர். ஒன்பது ஐம்பத்தெட்டு. நல்ல பழக்கம்."

"ரண்டு நிமிசம் உங்கடை மணிக்கூடு பிந்தி ஓடுது சேர்" என்றேன். எனக்கும் அந்த வியாதி உண்டு.

அவர் சிரித்தார். அன்று முதல் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

சென்சரில் மீற்றரை வைத்தேன். அறுபத்தெட்டு. இருக்கவேண்டிய எண். மோட்டரைக் கையால் சுழற்றிப் பார்த்தேன், அதற்கும் ஒழுங்காகப் பதில் சொன்னது. இயந்திரத்தைப் போட்டேன். தண்ணீர் எடுத்தது, சுழன்றது, பிழிந்தது, நின்றது. ஒரு குறையும் இல்லை.

"நல்லாத்தானே ஓடுது அக்கா."

"நீங்கள் வந்தா ஓடும் தம்பி. படலையைத் தாண்டினீங்களெண்டா நிண்டிடும். உங்களைக் கண்டு பயம்போலை."

இணைப்பு முனைகளைத் துப்புரவாக்கிவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் மாலையே மீண்டும் அழைப்பு. இரண்டாம் முறை போனேன். அதே காலி உருளை, அதே சாம்பிராணி, அதே அறுபத்தெட்டு. மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒழுங்காக ஓடியது. சென்சர் நல்லது, மோட்டர் நல்லது, அப்படியானால் போர்ட்தான் பிழை என்று முடிவுகட்டினேன். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். அது சாமான் இறக்குமதி நின்றுபோயிருந்த காலம். புதியது இல்லை, பழையது ஒன்று கிடைத்தால் சொல்கிறோம் என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு அந்த வருடத்துக்கு முந்திய வருடம் முழு இயந்திரத்தையே வாங்கியிருக்கலாம்.

"எத்தினை நாள் செல்லும் தம்பி?" என்று கேட்டார் அக்கா.

"சொல்லேலாது அக்கா. மாசக்கணக்கும் ஆகலாம்."

அவர் தன் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார். கிணற்றுக்கட்டில் விழுந்து முறிந்து, கோணலாகப் பொருந்தியிருந்த கை. வாளி பிடிக்க ஏலாது.

"அதுவரைக்கும் ஆரையாவது ஒராளை வைச்சுத் தோய்ப்பியுங்கோ அக்கா."

"இது ஆள் வைக்கிற வீடில்லைத் தம்பி" என்றார் வெடுக்கென்று.

கஞ்சத்தனம் என்று நினைத்தேன். இரண்டே இரண்டு பேர் உள்ள வீட்டில் அப்படி என்ன துணி சேரும் என்றும் நினைத்தேன். கணக்குப் பார்க்கிறவன் நான். அந்தக் கணக்கை மட்டும் பார்க்கவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். போர்ட்டைக் கழற்றிக்கொண்டு போய்த் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. வழக்கம்போலப் பத்து மணிக்கு என்றுதான் சொல்லியிருந்தேன். மழையைப் பார்த்துவிட்டு, கொக்குவிலிலிருந்து சைக்கிளில் போக எவ்வளவு செல்லுமோ என்று பயந்து முன்னதாகவே வெளிக்கிட்டேன். மழைக்கு வீதியில் ஆள் இல்லை. நாற்பது நிமிடம் முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

செல்வராணி அக்கா குசினி வாசலில் நின்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பத்துக்கெல்லோ தம்பி சொன்னனீங்கள்!"

"மழைக்குப் பயந்து வெளிக்கிட்டனான் அக்கா. இதென்ன துவாய்?"

"அது... காலமை போட்டனான். நிண்டிட்டுது. கதவு திறபடுதில்லை. முந்தியெல்லாம் நிப்பாட்டி நிப்பாட்டிப் போடத் தண்ணி போய்த் திறபட்டுது, இண்டைக்கு அதுவுமில்லை. உள்ளுக்குத் துணி கிடக்கு. நீங்கள் முதல் கதவை மட்டும் திறந்துவிட்டிட்டு முன்னுக்குப் போய் இவரோடை கதைச்சுக்கொண்டிருங்கோ. நான் துணியை எடுத்துப்போட்டுக் கூப்பிடுறன். பிறகு வந்து பாருங்கோ."

அன்று சாம்பிராணி போட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. தாழ்வாரத்தில் சிறுநீர் வாடை இருந்தது. சுவரோரம் இரண்டு பெரிய பேசின்கள், ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து மூடியிருந்தன. இடுக்கால் ஒரு படுக்கை விரிப்பின் ஓரம் தெரிந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. சாம்பிராணி எதற்கு, ஆள் வைக்காத வீடு எதனால், கதிரையை விட்டு எழும்பாமலே அந்த மனிதர் ஏன் இரண்டு முறையும் என்னை வழியனுப்பினார், எல்லாம்.

விளங்கியதைக் காட்டிக்கொள்ளாமல் இயந்திரத்தின் முன்னால் குந்தினேன். கீழே தண்ணீரை வடிக்கும் மூடி ஒன்று உண்டு. அதைத் திருகினால் தண்ணீர் போகும், பிறகு கதவு திறபடும். மூடியில் கை வைத்தேன். அங்கே என் கை நின்றுவிட்டது.

இரண்டு முறையும் காலியாக ஓடியது. காலியாகச் சோதித்தேன், நல்லது என்று வந்தது. துணி போட்டால் நிற்கிறது. இந்த இயந்திரங்களில் தொட்டி சுருள் வில்லுகளில் தொங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீரும் ஊறிய விரிப்புகளும் சேர்ந்தால் தொட்டி நாலு விரல் கீழே இறங்கும். தொட்டியோடு மோட்டரும் இறங்கும். மோட்டரோடு சென்சரின் வயரும் இழுபடும். நான் அந்த வயரை இழுபட்ட நிலையில் ஒரு தடவையும் பார்க்கவில்லை. பார்க்கும் வாய்ப்பை, "துணியெல்லாத்தையும் எடுத்துப்போட்டு வையுங்கோ" என்று நானே ஒவ்வொரு முறையும் இல்லாமல் செய்திருக்கிறேன்.

மூடியைத் திருகினால் தண்ணீர் போய்விடும், அக்கா துணியை எடுத்துவிடுவார், தொட்டி மேலே எழும்பும், பிழை மூன்றாம் முறையும் ஒளித்துக்கொள்ளும். நான் ஒரு நல்ல போர்ட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு மழையில் வீட்டுக்குப் போவேன்.

"அக்கா, துணி உள்ளுக்கே இருக்கட்டும். அப்பிடியே வைச்சுப் பாக்கவேணும்" என்றேன்.

"வேண்டாம் தம்பி."

"அஞ்சு நிமிசம் அக்கா. துவாயும் இருக்கட்டும். நான் பின்பக்கத்தாலை—"

"வேண்டாமெண்டு சொல்லுறனெல்லோ!" குரலைத் தாழ்த்தினார். அது இன்னும் மோசமாக இருந்தது. "ஒரு நாளைக்கு மூண்டு தரம் போடுறன் தம்பி. மகள் சுவிஸிலையிருந்து ஒவ்வொரு நாளும் எடுத்து, அப்பாவை ஒரு முதியோர் இல்லத்திலை விடுங்கோ, உங்களாலை ஏலாது எண்டு சொல்லுறாள். மிசின் இருக்கும் வரைக்கும் ஏலும் எண்டு அவளுக்குச் சொல்லிப்போட்டன். ஆளை வைச்சா ஊருக்குத் தெரிஞ்சிடும். ஊருக்குத் தெரிஞ்சா இந்த மனிசன் சாப்பிடாமக் கிடந்து செத்துப்போகும். ஒருத்தருக்கும் தெரியாது. கதவைத் திறந்து தாங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

உங்களுக்கு இப்படி ஒரு நேரம் வரும். நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் அதை வற்புறுத்தினால் ஒரு மனிதரை அவருடைய சொந்த வீட்டில் வைத்துக் குறுக்கிவிடுவீர்கள். பணிந்துபோனால் இயந்திரம் திருந்தாது, அவர் இல்லத்துக்குப் போவார். எந்தப் புத்தகத்திலும் இதற்கு விடை எழுதியிருக்கவில்லை. என் வாயில் வந்தது இதுதான்:

"இதிலை என்ன அக்கா கிடக்கு? ஒப்பரேஷன் செய்த பிறகு எனக்கும் இப்பிடித்தானே. எட்டு மாசமா என்ரை பெண்சாதியும் இதே கதைதான், இதே மிசின்தான்."

எனக்கு ஒப்பரேஷனும் இல்லை, ஒன்றும் இல்லை. அக்கா என்னைப் பார்த்தபடி நின்றார். அவர் பதில் சொல்வதற்குள் பின்னால் அலுமினியக் கால்கள் நிலத்தில் தட்டும் சத்தம் கேட்டது. தபாலதிபர் நடைச்சட்டகத்தைப் பிடித்தபடி கதவடியில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"உமக்குமோ?" என்றார்.

இனிப் பின்வாங்க முடியாது. "ஓம் சேர்."

"எட்டு மாசம்?"

"எட்டு மாசமும் ஒரு கிழமையும்."

அவர் மெதுவாக, ஒவ்வோர் அடியாக, இயந்திரத்தடிக்கு வந்தார். ஒட்டுநாடாவை மூலை மூலையாக நகத்தால் கிளப்பினார். துவாய் கையில் வந்தது. அதை உதறி, நான்காக மடித்து, தோளில் போட்டுக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் விரிப்புகளும் ஒரு சாறமும் கலங்கிய தண்ணீரில் கிடந்தன.

"செல்வராணி, எனக்கொரு கதிரை கொண்டுவாரும். தம்பி பாக்கட்டும்."

அக்கா கதிரை கொண்டுவந்தார். தபாலதிபர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். தபால் கந்தோரில் பையைத் திறக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருப்பாரே, அதுமாதிரி.

மின்செருகியைப் பிடுங்கி, இயந்திரத்தைத் திருப்பி, பின்பலகையைக் கழற்றினேன். அது முடியும்வரை அவர் கேள்வியை நிறுத்தவில்லை.

"இரவிலை எத்தினை தரம்?"

"மூண்டு சேர்."

"எனக்கு நாலு" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "பின்னேரம் ஆறுக்குப் பிறகு தண்ணி குடிக்கிறனீரோ?"

"இல்லை சேர்."

"நானும் விட்டிட்டன். ஒரு பிரயோசனமும் இல்லை. ஆரிட்டைக் காட்டினீர்?"

"கொழும்பிலை ஒராள்."

"கொழும்புக்கேன் போனனீர்? இஞ்சை கைராசியான ஒருத்தர் இருக்கிறாரே! உம்மடை மனிசி ஒண்டும் ஏசேல்லையோ?"

"ஏசுறவ. எல்லாத்துக்கும் ஏசுறவ சேர், இதுக்கெண்டு தனியா இல்லை."

வாசலில் நின்ற அக்கா சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

மீற்றரை வைத்தேன். எண் வரவில்லை. மாற்றி வைத்தேன். இல்லை. முதல் இரண்டு முறையும் மாறாமல் அறுபத்தெட்டுக் காட்டிய அதே சென்சர் இப்போது வாயே திறக்கவில்லை. எனக்குச் சந்தோசம்.

"அக்கா, உலக்கை இருக்கோ?"

இருந்தது. அதைத் தொட்டிக்குக் கீழே கொடுத்து நெம்பக் காட்டினேன். அக்கா தன் நல்ல கையான இடக்கையாலும் உடம்பாலும் அமத்தினார். தொட்டி மேலே எழும்பியது. மீற்றரில் அறுபத்தெட்டு. விடச் சொன்னேன். தொட்டி இறங்கியது. எண் போய்விட்டது.

"இஞ்சை தாரும்" என்று தபாலதிபர் மீற்றரைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். நான் முனைகளைப் பிடித்தேன். அக்கா உலக்கையை அமத்தினார், விட்டார், அமத்தினார், விட்டார்.

"இருக்கு... இல்லை... இருக்கு... இல்லை..." தபாலதிபர் உரக்கச் சொன்னார். பிறகு முழங்காலில் விரலால் தட்டத் தொடங்கினார். "செல்வராணி, நீர் தந்தி அடிக்கிறீர்! இந்தக் கையாலை முப்பது வருசம் நான் அடிச்சனான், கடைசியிலை நீர் எனக்கு அடிக்கிறீர்!"

"காணும் காணும், கை நோகுது" என்றார் அக்கா. ஆனால் இன்னும் இரண்டு தரம் அமத்திக் காட்டினார்.

பிழை இருந்த இடம் இதுதான். சென்சரின் வயரைச் சட்டத்தோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கட்டு இறுக்கிப் பிடித்திருந்தது. வழக்கத்துக்கு மேலான பாரம் நாளுக்கு மூன்று முறை ஏறி இறங்க, அந்த இடத்தில் செம்பு உள்ளுக்குள்ளே அறுந்துவிட்டது. மேலுறை முழுசாக இருந்தபடியால் கண்ணுக்குத் தெரியவில்லை. பாரம் இல்லாதபோது இரண்டு முனையும் தொட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல இருந்துவிடும். வெட்டி, ஒரு முழத்துக்குக் குறைந்த புது வயர் வைத்து, ஈயம் உருக்கிப் பற்றாசு பிடித்து, இம்முறை தளர்த்தியாகக் கட்டினேன். போர்ட் தேவைப்படவில்லை. கொழும்புத் தேவையும் தீர்ந்தது.

இயந்திரத்தைத் திருப்பி வைத்து, அதே துணியோடு, அதே தண்ணீரோடு போட்டேன். உருளை மெதுவாகப் புரண்டது. நான் போகலாம் என்றாலும் போகவில்லை. தபாலதிபரும் கதிரையை விட்டு எழும்பவில்லை. தன் விரிப்புகள் கண்ணாடிக்குப் பின்னால் ஏறி விழுவதைத் தொலைக்காட்சி பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி வந்தது. மழைக்கணக்குக் கதைத்தோம். கடைசியில் பிழிகிற கட்டம். வேகம் ஏற ஏற அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். இரைச்சல் உச்சிக்குப் போய், அங்கேயே நின்று, மெல்ல இறங்கியது. கதவில் "டிக்" என்றது.

"நிண்டிட்டுதோ?" என்றார் தபாலதிபர்.

"முடிஞ்சுது சேர்."

அக்கா வந்து, என் முன்னாலேயே கதவைத் திறந்து, விரிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தார். நான் கருவிகளை அடுக்கினேன். வேறு பக்கம் பார்க்கவுமில்லை, அதையே பார்க்கவுமில்லை. இந்த ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். நீங்கள் முகத்தைத் திருப்பினாலும் அவர்களுக்குத் தெரியும், உற்றுப் பார்த்தாலும் தெரியும்.

அதன் பிறகு நான் ஓய்வுபெறும்வரை தொலைபேசியில் யாருக்கும் துணியை எடுக்கச் சொல்லவில்லை. "நிண்ட மாதிரியே விட்டுவையுங்கோ" என்றுதான் சொன்னேன். வெட்கப்படுகிற வீடு என்று குரலில் தெரிந்தால், நான்கு பழைய சாக்கைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவேன். நனைத்து உள்ளே போட்டால் பாரம் பாரம்தான், இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. என் தலைமைத் திருத்துநர் சொன்னது பிழை என்று நான் சொல்லவில்லை. அவர் வீட்டுக்காரரின் மானத்தைக் காப்பாற்றச் சொன்னார். நான் அதற்கு ஒரு சாக்கைச் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் தபாலதிபர் என் வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்திருக்கிறார். என்மேல் உள்ள அக்கறையில். எடுத்தது என் மனைவி. யாழ்ப்பாணத்தில் கைராசியான அந்த வைத்தியரின் பெயர், அவர் வரும் நாள், நேரம், எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளச் சொல்லி, "எட்டு மாசம் நீங்கள் பட்ட கஷ்டம் எனக்கு விளங்குது பிள்ளை" என்றும் சொல்லியிருக்கிறார்.

மரக்கறிப் பையோடு வந்து நுழைந்தேன். மனைவி கூடத்தில் நின்றார்.

"என்னப்பா, எட்டு மாசமா என்ன செய்யுது உங்களுக்கு?"

நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். துவாய், உலக்கை, தந்தி, எல்லாம். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"வெக்கத்திலை பொய் சொல்லுறியள்."

"எடியே, அவருக்குச் சொன்னதுதான் பொய். உனக்குச் சொல்லுறது உண்மை."

"ஊரான் ஒருத்தருக்கு உண்மையைச் சொல்லிப்போட்டு எனக்கு ஒளிக்கிறியள். இரவிலை எழும்பிப் போறியள்தானே? நான் முழிச்சுக்கொண்டுதான் கிடக்கிறனான்."

எழுபது வயதில் இரவில் எழும்பாதவன் யார்? யோசித்துப் பாருங்கள், தனக்கு அந்த வருத்தம் இல்லை என்று ஓர் ஆண்பிள்ளை எவ்வளவு உறுதியாகச் சொல்கிறானோ அவ்வளவுக்கு அவனுக்கு அது இருக்கிறது என்றுதான் படும். தபாலதிபருக்குத் தொலைபேசி எடுத்து அவர் வாயாலேயே கேட்டுவிடலாம் என்று மனைவி சொன்னபோது நான் பேச்சை விட்டுவிட்டேன். வைத்தியரிடம் போவதாக ஒத்துக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை போனோம். மூன்று மணிநேரம் வாங்கில் இருந்தோம். இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், வயிற்றில் குளிர்ந்த பசையைப் பூசி ஸ்கான் பார்த்தார்கள். வைத்தியர் தாள்களைப் புரட்டினார். "ஐயாவுக்கு ஒரு குறையும் இல்லை. என்னத்துக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டார். நான் மனைவியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் என் கைத்தொலைபேசி அடித்தது. தபாலதிபர். நாளைக் கணக்கு வைத்திருந்திருக்கிறார்.

"எப்பிடி? ரிப்போட் என்ன சொல்லுது?"

ஓட்டோ தட்டாதெருச் சந்தியில் நின்றது. மனைவியின் காது என் தோளடியில் இருந்தது. தபாலதிபருடைய குரலில் ஓர் ஆவல். அதைக் கேட்டபோது, இந்த ஒரு வாரமாக அவர் தனியாக இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"உங்களைப் போலைதான் சேர்" என்றேன். "மாறாதாம். பழகிக்கொள்ளச் சொல்லுறார்."

"நான் சொன்னனானெல்லோ! யோசியாதையும். மிசின் இருக்கும் வரைக்கும் நாங்கள் ராசாக்கள்." சிரித்தபடி வைத்துவிட்டார்.

கொக்குவிலுக்குக் கிட்ட வந்தபோது மனைவி என் பக்கம் திரும்பினார். பிறகு மடியில் இருந்த ஸ்கான் தாளைச் சுருட்டி என் முழங்காலில் மெல்லத் தட்டினார்.

"அப்ப எனக்குச் சொன்னதுதான் உண்மையோ?"

"ஓம்."

"சரி. அவருக்குச் சொன்னதையே வைச்சுக்கொள்ளுங்கோ. ஆரும் கேட்டா நானும் ஏசுறனான் எண்டு சொல்லுறன்."

வைத்தியருக்கு இரண்டாயிரத்து எண்ணூறு, ஸ்கான் நாலாயிரத்து ஐந்நூறு, இரத்தம் மூவாயிரத்துத் தொள்ளாயிரம், சிறுநீர் அறுநூற்றைம்பது, ஓட்டோ போகவர ஆயிரத்து நானூறு, காத்திருந்தபோது இரண்டு தேத்தண்ணியும் இரண்டு வடையும் இருநூற்று நாற்பது. அந்த வீட்டில் வாங்கிய கூலி இரண்டாயிரத்தைக் கழித்துவிட்டேன். ஒரு முழம் வயரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தப் பொய்க்கு என் கையால் போனது பதினோராயிரத்து நானூற்றுத் தொண்ணூறு ரூபாய்.